அத்தனை வயலையும் வரிசையாகச் சொன்னவளுக்கு

தங்கச்சி,

நேற்றுக் காலை அடுப்புக்கு மேலே பரணில் கிடந்த விதைப் பூண்டை இறக்கினேன். அந்தக் காரமான புகை வாசம் வந்ததும் நீ என் நினைவுக்கு வந்துவிட்டாய். பக்கத்தில் நின்ற என் பேத்தி ஒவ்வொரு கட்டாகத் தொட்டு, எது எந்த வீட்டில் மாற்றி வாங்கிய விதை என்று தடுமாறாமல் சொன்னாள். நடுவிலே சுவரைப் பார்த்து, "சரி சரி, கத்தாதீங்க, வாரேன்" என்றாள். அங்கே யாரும் இல்லை. என் கையிலிருந்த கட்டு கீழே விழுந்தது.

உனக்கும் தம்பிக்கும் ஒரே வருஷத்தில்தானே வந்தது? ஆளில்லாத இடத்தில் குரல் கேட்டது இரண்டு பேருக்கும். நம் சித்தப்பா உங்களை மேட்டில் நிறுத்தி, "கீழ இருக்கிற வயலெல்லாம் யாரு யாருதுன்னு வரிசையாச் சொல்லுங்க, புத்தி இருக்கான்னு பாத்துருவோம்" என்றார். தம்பி மூன்றாவது வயலிலேயே முழித்தான். நீ ஓடைக்கரை வரைக்கும் சொன்னாய். சாமிக்கு விட்ட துண்டு நிலத்தையும், அதில் போன வருஷம் என்ன போட்டார்கள் என்பதையும்கூடச் சொன்னாய்.

"பயலுக்குத்தான் சீக்கு. இவளுக்குத் திமிரு" என்றார் சித்தப்பா. ஊரே சிரித்தது. நான் மட்டும் என்ன செய்தேன்? "என் தங்கச்சியாச்சே, தப்புமா?" என்று பெருமையடித்தேன்.

தம்பியை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாத்திரை தின்று, இன்றைக்கும் கேரட்டுக்குக் களை எடுக்கிறான். பேச்சுதான் பாதியில் அறுந்துபோகும். நீ சுவரோடு பேசி, சோறு இறங்காமல் மெலிந்து, நாலாவது வருஷம் ஒரு காய்ச்சலில் போய்விட்டாய். சித்தப்பா செத்தபோது நான் அழவில்லை. இனியும் அழமாட்டேன்.

தம்பிக்கு மாத்திரை வாங்கப் போனபோது ஒருநாள் டாக்டரம்மாவிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். "ஞாபகம் நல்லா இருந்தா நோய் இல்லைன்னு அர்த்தமில்லைம்மா. இந்த நோயில நிறையப் பொம்பளைங்களுக்குக் கேட்டதை, படிச்சதைத் திருப்பிச் சொல்ற ஞாபகம் ஆம்பளைங்க அளவுக்குக் கெடாம நிக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது" என்றார்.

இன்று விடிந்ததும் பேத்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப்பில் ஏற்றினேன்; அவள் அப்பன், என் மகன், ஜீப்புக்குக் குறுக்கே நின்றான். "பாடத்தையெல்லாம் மனப்பாடமா ஒப்பிக்கிறா, அவளுக்கு என்னம்மா? ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?"

"உன் சித்தியும் எல்லாத்தையும் ஒப்பிச்சவதான். வழிய விடுறா."

வளைவு தாண்டியதும் பிள்ளை என் தோளில் சாய்ந்தாள். "அப்பத்தா, இப்பவும் பேசுறாங்க."

"பேசட்டும்டி. ஜீப்புல அவங்களுக்கு இடமில்லை."

சிரித்தாள்.

இப்போது ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்த நாலெழுத்தில் இதை எழுதுகிறேன். உள்ளே என்ன கேட்டாலும் இவள் பட்டுப்பட்டென்று பதில் சொல்லிவிடுவாள். சொல்லட்டும். அதற்கப்புறம் டாக்டரம்மாவிடம் நான் சொல்லுவேன்: இவள் தூங்காத நாள், தட்டைத் தள்ளிவிட்ட நாள், ஆளில்லாத பக்கம் திரும்பிப் பேசிய நாள், ஒன்று விடாமல். உன் நாட்களும் அப்படியே என்னிடம் இருக்கின்றன. அன்றைக்குக் கேட்க ஆளில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், தங்கச்சி. நான்தான் சொல்லவில்லை.