வாயு லிங்கத்தில் ஆகாய விமானம்

பென்ஷன் ஆபீசுக்கு ஏதோ ஒரு சான்றிதழ் வேண்டும் என்றார்கள். இரும்புப் பெட்டியைத் திறந்தேன். சான்றிதழ் கிடைக்கவில்லை; கற்பூர வாசனை வந்தது. அடியில் நம் பொது அறிவு வினா விடைப் புத்தகம். அட்டை போய்விட்டது, முதல் பதினாறு பக்கமும் போய்விட்டது, வாசனை மட்டும் போகவில்லை. எந்த ஊரிலாவது உலக வரலாறு விபூதி மணக்குமா? நம் ஊரில் மணக்கும். நீதான் அதை அர்ச்சனைப் பையில் விபூதிப் பொட்டலத்தோடும் கற்பூரத்தோடும் சேர்த்து வைத்துச் சுமந்தவள்.

வீட்டில் உட்கார்ந்து படிக்க உனக்கு இடமில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. புத்தகத்தைத் திறந்தால் உன் அம்மா அரிசியில் கல் பொறுக்கச் சொல்வார். உன் நைனா வெல்ல மண்டியிலிருந்து வந்து, "பொட்டைப் புள்ளைக்கு கொலம்பஸ் எதுக்கு" என்று கேட்பார். அரசாங்க கிளார்க் பரீட்சை எழுத உன் வீட்டில் ஒரே ஒரு தடவைதான் அனுமதி. தேறினால் வேலைக்குப் போகலாம். தேறாவிட்டால் போளூரில் அரிசி மில் வைத்திருந்த உன் அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அவர் நல்ல மனிதர்தான். மில் சத்தத்திலேயே வளர்ந்ததால் எதையும் கத்தித்தான் சொல்வார். ஒரு முறை உன்னிடம் "நல்லா இருக்கியா" என்று விசாரித்தார். பக்கத்துத் தெருவில் இரண்டு பேர் "இருக்கோம்" என்றார்கள். "ஆயுசு முச்சூடும் இத எப்பிடிடி கேக்கறது?" என்று நீ என்னிடம் அழுதாய்.

கிரிவலம் போகிறோம் என்றால் மட்டும் நம் இரண்டு வீட்டிலும் கேள்வி கிடையாது. அதைக் கண்டுபிடித்தவளும் நீதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோயில் வாசலில் ஆரம்பித்து, மலையை வலது பக்கம் வைத்துக்கொண்டு சுற்றி வர நான்கு மணி நேரம். அப்போதெல்லாம் பாதையில் இத்தனை கூட்டம் ஏது? புளியமரமும் குரங்கும் நாமும்தான். நான் கேள்வி கேட்பேன், நீ பதில் சொல்வாய், பிறகு மாற்றிக்கொள்வோம். உன் நைனா மண்டியில் எல்லோரிடமும், "எம் பொண்ணுக்கு பக்தி ஜாஸ்தி" என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

பதில்கள் உன் தலையில் நிற்காது. அதற்கும் நீ ஒரு வழி செய்தாய். வழியில் இருக்கிற எட்டு லிங்கத்துக்கும் ஆட்களைப் பிரித்துக் கொடுத்தாய். நீராவி இயந்திரத்து ஜேம்ஸ் வாட்டுக்கு அக்னி லிங்கம். கெட்டில் மூடி ஆடியதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததாம் என்று நான் படித்தபோது, "எங்க வூட்ல தெனமும் ஆடுது, யாருக்கு இன்னா வந்துச்சு" என்று கேட்டாய். வெடிமருந்து செய்துவிட்டுச் சமாதானத்துக்குப் பரிசு வைத்த நோபலை எம லிங்கத்தில் விட்டாய். ஆகாய விமானத்து ரைட் சகோதரர்களும் வானொலி மார்க்கோனியும் காற்று சம்பந்தப்பட்டவர்கள் என்பதால் வாயு லிங்கத்தில் ஒண்டுக்குடித்தனம்.

வருண லிங்கத்துக்கு வந்த மெகல்லனோடுதான் உனக்குத் தகராறு. உலகை முதலில் கப்பலில் சுற்றி வந்தவர் என்று புத்தகம் சொன்னது. அவர் பாதி வழியிலேயே கொல்லப்பட்டார், கப்பல் மட்டும்தான் ஊர் திரும்பியது என்று நான் நூலகத்தில் படித்து வந்து சொன்னேன். நீ நடுப்பாதையில் நின்றுவிட்டாய்.

"பாதியில செத்தவருக்கு எப்பிடிடி சுத்தின கணக்கு? பாதி கிரிவலத்துக்குப் புண்ணியம் உண்டா?"

அடி அண்ணாமலை ஊர் வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தாய். பிறகு, "சரி போ. கூட வந்தவங்க சுத்தி முடிச்சாங்க இல்ல, அவருக்கு மார்க் போட்டுக்கலாம்" என்று பெரிய மனது பண்ணினாய்.

அந்த ஊரில்தான் அந்தப் பெரியவரும் நம் பின்னால் வர ஆரம்பித்தார். செங்கம் பக்கத்து விவசாயி, தோளில் துண்டு. நம் உதடுகள் அசைவதைப் பார்த்துக் கொஞ்ச தூரம் கைகூப்பிக்கொண்டே வந்தவர், "இன்னா மந்திரம்மா சொல்றீங்க?" என்று கேட்டார். நீ கண் இமைக்காமல், "பேரைச் சொன்னா போதும்ங்க. மார்க்கோனி" என்றாய். அவர் வாயு லிங்கம் வரைக்கும் "மார்க்கோனி, மார்க்கோனி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்த ஞாயிறு மனைவியையும் மச்சினியையும் கூட்டிக்கொண்டு காத்திருந்தார். "அந்தப் பேரு மறந்து போச்சும்மா, இன்னொரு தபா சொல்லுங்க." பாவம் சேருமே என்று நான் பயந்தேன். "ரேடியோ குடுத்தவரு, கும்பிட்டா இன்னா தப்பு" என்றாய்.

பரீட்சை வேலூரில். நான் உனக்குப் பின் வரிசையில் இருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் பெஞ்சுக்குக் கீழே உன் பாதங்கள் மாறி மாறி அசைந்துகொண்டிருந்தன. கண்காணிப்பாளர் வந்து குனிந்து பார்த்தார்.

"கால்ல என்னம்மா? பிட்டு வச்சிருக்கியா?"

"இல்லைங்க சார். நடக்கறேன்."

அவர் உன் செருப்பைக் கழற்றச் சொல்லி உதறிப் பார்த்துவிட்டு, போகும்போது தலையையும் ஒரு முறை சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார். நான் இருபது நிமிடம் முன்னதாகவே முடித்து, ஜன்னல் வழியாகக் காக்கா பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு ஆறு கேள்வி மிச்சம் இருக்கும்போதே மணி அடித்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் காரணம் சொன்னாய். முதல் கேள்வி ஆகாய விமானம். கோயிலிலிருந்து மனதுக்குள் நடந்து வாயு லிங்கத்துக்குப் போய்ப் பதிலை எடுத்துக்கொண்டாய். அடுத்த கேள்வி நீராவி இயந்திரம். அது அக்னி லிங்கம். குபேர லிங்கம், ஈசானிய லிங்கம், கோயில் எல்லாம் தாண்டி மறுபடியும் ஒரு முழுச் சுற்று.

"ஏண்டி, வந்த வழியே நாலு லிங்கம் திரும்பியிருக்கலாம் இல்ல?" என்றேன்.

நான் ஏதோ கோயில் உண்டியலை உடைக்கச் சொன்ன மாதிரி பார்த்தாய். "மலைய எடது பக்கம் வச்சிட்டா? யாராவது அப்பிடி வருவாங்களா?"

இத்தனைக்கும் கோயிலுக்குள் போய் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் கும்பிட்டவள் இல்லை நீ. அன்று பதினோரு சுற்று சுற்றியிருந்தாய். நிஜமாகவே கால் வலிக்கிறது என்று பாதத்தைப் பிடித்து விட்டுக்கொண்டாய். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. பஸ் போளூரில் நின்றபோது நீ முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "மில்லு சத்தம் கேக்குதாடி?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

முடிவு வந்தது. நீ தேறிவிட்டாய். எழுதிய பதில் ஒன்றும் தப்பாக இருந்திருக்காது. காக்கா பார்த்த நான் தேறவில்லை. ரேடியோவைக் கிரகாம் பெல்லிடமும் டெலிபோனை மார்க்கோனியிடமும் கொடுத்துவிட்டு வந்திருந்தேன், இன்னும் என்னென்ன செய்தேனோ. உன் நைனா தெருவுக்கே வெல்லம் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு வந்த வெல்லத்தை நான் தொடவில்லை. பொறாமைதான், வேறு பெயர் வைப்பானேன். நான்கு நாள் உன்னோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் ஞாயிறு. ஆறு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் நீ நின்றாய், கையில் அர்ச்சனைப் பை.

"காலு சும்மா இருக்க மாட்டேங்குது. கெளம்பு."

வேலைக்கு ஆர்டர் வந்து, தாலுகா ஆபீசில் சேர்ந்து, வாரத்தில் ஒரே நாள் லீவு என்று ஆன பிறகும் வந்தாய். ஒரு வருடம் ஒரு ஞாயிறு தப்பவில்லை. உனக்கு அந்தப் பதில்களால் இனி ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்காக நடந்தாய் என்பது அப்போதே தெரியும். ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை, அதனால் இப்போது சொல்கிறேன். அடுத்த வருடம் நானும் தேறினேன். நீ உன் ஆபீசிலேயே ஒருவரைப் பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டபோது அத்தை மகன் வந்திருந்து மனதார வாழ்த்தினார். மைக் தேவைப்படவில்லை.

போன மாதம் வேங்கிக்கால் வீட்டில் உன்னைப் பார்க்க வந்தேன். கட்டிலில் ஒரு பிடியாகக் கிடந்தாய். ஆட்களை அடையாளம் தெரியவில்லை என்று உன் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உன் காதருகே குனிந்து, "ஆகாய விமானம்?" என்று கேட்டேன். பிறகு போர்வைக்குக் கீழே உன் கால் விரல்கள் அசைந்தன. இடது, வலது. உன் மகள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். வெகு நேரம் கழித்து நீ கண்ணைத் திறக்காமல் சொன்னாய்.

"இருடி. வருண லிங்கம்தான் வந்துருக்கேன்."

அதோடு தூங்கிப்போனாய். மூன்றாம் நாள் உன் மகள் போன் செய்தாள்.

நேற்று ஞாயிறு. வருண லிங்கத்துக்கு ஆட்டோவில் போய் இறங்கினேன். "கோயில்லேர்ந்து இல்ல ஆரம்பிக்கணும், இங்க எறங்கறீங்க?" என்றார் ஆட்டோக்காரர். கூட வந்தவள் இதுவரைக்கும் நடந்துவிட்டாள் என்றேன். அவர் என்னைத் தவிர யாரையும் காணாமல் சுற்றும் முற்றும் பார்த்தார்.

முட்டி வலித்தது. வாயு லிங்கத்தில் நின்று, "ரைட் சகோதரர்கள்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண் எதற்கும் இருக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அங்கிருந்து குபேர லிங்கம், ஈசானிய லிங்கம், பிறகு கோயில் வாசல். மலை முழுக்க என் வலது பக்கம்தான் இருந்தது, ஓரிடத்திலும் திரும்பவில்லை.

கப்பல் வந்து சேர்ந்துவிட்டதடி. மார்க்கைப் போட்டுக்கொள்.