சீனிக்குப் பதில் பனங்கட்டி

1992 வைகாசி 4, திங்கள்

காலையிலேயே கொதிக்கிற வெயில். பொருளாதாரத் தடை; சங்கக்கடையில் வெள்ளைச் சீனி இல்லை. சிவப்புச் சீனி கொஞ்சம் வந்ததாம். எனக்கு முன்னால் நின்றவரோடு முடிந்தது. என் ராசி அப்படி.

என் மனுசி பரமேசின் சலரோகக் குளிசை பதினொன்றுதான் மிச்சம். மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கினேன். எல்லா இடமும் ஒரே பதில்: "வரேல்லை ஐயா."

பின்னேரம் முற்றத்தில் இருந்து யோசித்தேன். சீனி வருத்தக்காரி வீட்டில் சீனி இல்லாமற் போனது ஒருவிதத்தில் நல்லதுதானே.

வைகாசி 6, புதன்

சைக்கிளில் கொடிகாமம் சந்தைக்கு. எதிர்க்காற்று. முழங்கால் நோ. பனங்கட்டி ஆறு ஓலைக் குட்டான், பனங்கற்கண்டு ஒரு கடதாசிச் சரை. விற்ற மனுசி சொன்னா: "சலரோகத்துக்கு உது ஒரு கெடுதியும் செய்யாது ஐயா. என்ரை மனுசனும் உதைத்தான் கடிச்சுக் குடிக்கிறார்."

பரமேசுக்கு விருப்பமில்லை. "எனக்கு வேண்டாமப்பா. வெறுந்தேத்தண்ணி பழகிப்போச்சு."

"வெள்ளைச் சீனிதான் நஞ்சு. இது மருந்து. கடிச்சுக் குடியும்!"

முப்பது வருடம் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவனின் குரல். மனுசி குடித்தாள்.

வைகாசி 13, புதன்

பரமேசின் முகத்தில் ஒரு தெளிவு. என் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது. காலை ஒரு துண்டு, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் கற்கண்டு. "ஒண்டு காணும்" என்றாள். மெலிந்து போனீர், தின்னும் என்றேன்.

குளிசையைப் பாதி பாதியாக உடைத்துக் கொடுத்தது. இன்றோடு அதுவும் முடிந்தது.

சங்கக்கடை வரிசையில் பனங்கட்டியின் அருமையை எடுத்துச் சொன்னேன். பின்னால் ஒருத்தன்: "கிளாக்கர் ஐயா டொக்குத்தராய்ப் போனார்." சிரிப்பு. விசரன்கள்.

வைகாசி 24, ஞாயிறு

சோளகக் காற்று. வீடு முழுக்கப் புழுதி.
செய்ய: கிணற்றுக் கயிறு மாற்ற. மண்ணெண்ணெய். சவுக்காரம் அறவே இல்லை.

பரமேசின் இடது கால் பெருவிரலில் ஈர்க்குக் குத்தியது. சின்னக் காயம். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறாள். வெயில்தானே.

ஆனி 2, செவ்வாய்

காயம் ஆறவில்லை. மஞ்சள், வேப்பிலை எல்லாம் வைத்தாயிற்று. துணியை அவிழ்த்தால் கெட்ட மணம்.

தேத்தண்ணியோடு பனங்கட்டியை நீட்டினேன். வாங்கினாள், கடிக்கவில்லை. "இஞ்சாருங்கோ, உந்தப் பனங்கட்டியை விடுவமே?"

கத்திவிட்டேன். ஏன் கத்தினேன்? குளிசை இல்லை, பத்தியத்துக்கு மரக்கறி இல்லை. அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறு என்ன இருக்கிறது? பயமாக இருக்கிறது. யாரிடம் சொல்ல.

ஆனி 5, வெள்ளி

ஆஸ்பத்திரி. சைக்கிள் கரியரில் அவளை இருத்தி உருட்டிக்கொண்டே போனேன். வழியெல்லாம் "உங்களுக்கு முழங்கால் நோகப்போகுது" என்று அவள்தான் கவலைப்பட்டாள்.

விரல் கறுத்துவிட்டது. எடுக்க வேண்டுமாம். ஏறினால் பாதமும் போகுமாம். சின்னப் பெடியன்தான் டொக்குத்தர், கண்ணெல்லாம் நித்திரையில்லாத சிவப்பு.

"சீனி குடிச்சனீங்களோ அம்மா?"

"இல்லைத் தம்பி."

"பனங்கட்டி?"

பரமேஸ் சேலைக்கரையை இழுத்துக் காலை மூடினாள்.

"சீனி, பனங்கட்டி, கற்கண்டு, எல்லாம் உங்கடை வருத்தத்துக்கு ஒண்டுதானம்மா. ஆர் உங்களுக்கு உதைத் தந்தது?"

வாயைத் திறக்கப் போனேன். சத்தியமாகப் போனேன்.

"ஒருத்தரும் தரேல்லைத் தம்பி," என்றாள் பரமேஸ். "இவர் வேண்டாம் வேண்டாமெண்டுதான் சொன்னவர். நான்தான் களவாய்த் திண்டனான்."

டொக்குத்தர் என்னை அனுதாபமாகப் பார்த்தார். "இனியெண்டாலும் கண்ணிலை படாமல் ஒளிச்சு வையுங்கோ ஐயா."

"ஓம்" என்றேன்.