அனுப்பாத தேன்

செஞ்சி,
ஆவணி 9, ஞாயித்துக்கிழமை

அன்பு நாத்தனார் கலைச்செல்விக்கு,

அண்ணி சின்னப்பொண்ணு எழுதறேன். இங்க நானும் ரெண்டு ஆடும் நல்லா இருக்குறோம். மல்லாட்டைப் பயிருக்கு ஏத்த மழை பெஞ்சுது. திருப்பூர்ல நீயும் உன் வீட்டுக்காரரு வீரமணி தம்பியும் புள்ளைங்களும் நல்லா இருக்கணும்.

அஞ்சாங்கிளாஸோட நின்ன கை. எழுத்து கோணலா இருந்தா கூட்டிப் படிச்சுக்கோ. போன்லயே சொல்லலாம்னு ரெண்டு தடவ எடுத்தேன். உன் குரலைக் கேட்டதும் மழையப் பத்திப் பேசிட்டு வச்சிட்டேன்.

வெள்ளிக்கிழமை நீ சொன்னதுல இருந்து எனக்கு சோறு எறங்கல. மார்ல கட்டி, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிட்டாங்க, நீ போகல. அண்ணன் எடுத்த மலைத்தேன் இருந்தா பஸ்ஸுல போட்டு விடுங்க அண்ணின்னு கேட்டே. ஒரு பாட்டில் இருக்குது. அனுப்பல. ஏன்னு சொல்லத்தான் இந்தக் காயிதம்.

உங்க அண்ணன் காரியத்துக்கு வந்தவங்ககிட்ட எல்லாம், ஆஸ்பத்திரியில கைய விரிச்சிட்டாங்கன்னு சொன்னேன். உன்கிட்டயும் அதத்தான் சொன்னேன். அது பொய்.

அவருக்குக் கன்னத்து உள்பக்கம் புண்ணு வந்தப்பவே டாக்டரம்மா சொன்னாங்க, சின்னதாத்தான் இருக்குது, ஆபரேஷன் பண்ணி, கதிர் பாய்ச்சற கரண்டு வச்சா நல்லாவறதுக்கு வாய்ப்பு இருக்குதுன்னு. தேதியும் குடுத்தாங்க. அதுக்குள்ள பக்கத்து வீட்டு விமல்ராஜ், தேன் புத்துநோயை சாவடிக்குதுன்னு போன்ல வீடியோ காட்டினான். வருஷா வருஷம் தொண்டூர் பாறையில ஏறி தேனடை அறுத்த மனுஷனுக்கு அதுக்கு மேல இன்னா வேணும். ஊருக்கே மருந்து குடுத்தவன் நான், எனக்கு எவன்டி கத்தி வைக்கறதுன்னு சிரிச்சாரு.

சும்மா சாப்ட்டிருந்தா பரவால்ல. ஒரு மண்டலம்னு வச்சிட்டோம். நாட்டு மருந்தும் இங்கிலீஷ் மருந்தும் சேந்தா முறிஞ்சிடும்னு மாத்திரைய நிறுத்தி, கருவாட்ட நிறுத்தி, நாப்பத்தெட்டு நாளும் பத்தியம் காத்தது நான்தான். ஆஸ்பத்திரியில இருந்து நர்சம்மா மூணு தடவ போன் பண்ணாங்க. அவரு ஊர்ல இல்லன்னு சொன்னதும் நான்தான். நாப்பத்தொம்பதாம் நாள் போனா, நோய் கழுத்துக்கு எறங்கிடுச்சுன்னாங்க.

டாக்டரம்மா திட்டல. தேனைப் பத்திக் கேட்டேன். முழுப்பொய் இல்லியாம். பூவுல இருந்து தேனுக்கு வர்ற சத்து சிலது புத்துநோய் செல்லைக் கொல்லுதுன்னு பரிசோதனைக் கூடத்துல பாத்திருக்காங்களாம், எலிக்கும் குடுத்துப் பாத்திருக்காங்களாம். எந்தப் பூவோட தேனோ அதுக்கேத்த மாதிரி சத்தும் மாறுமாம். ஆனா தேன் சாப்ட்டு மனுஷனுக்கு நோய் தீந்ததுன்னு இன்னும் நிரூபிக்கலயாம். கரண்டு வச்சா வாய் வெந்து போகும், அதுக்குத் தடவலாம்னாங்க. அப்பறம் கரண்டு வச்சப்ப அவருக்குத் தடவினேன். எரிச்சல் கொறைஞ்சுது, பொய் சொல்லக் கூடாது.

அன்னிக்குக் கெளம்பி வர்றப்ப டாக்டரம்மா ஒண்ணு கேட்டாங்க. "தேனும் சாப்ட்டு வைத்தியமும் பாத்திருக்கலாமேம்மா, யாரு வேணாம்னது?"

காயிதம் கெடச்ச மறுநாளே நீ போ. தம்பிக்கு லீவு கெடைக்கலன்னா நான் வர்றேன். ஆட்டை எதிர் வீட்டு வள்ளியம்மாள் பாத்துக்கறேன்னு சொல்லிட்டா. மாரை எடுக்கணும்னு சொன்னாலும் பயப்படாத. உன் கல்யாண ரவிக்கையே நான் தெச்சதுதான். இனிமே போடறதையும் ஏத்த மாதிரி தெச்சுத் தர்றேன், யாருக்கும் தெரியாது.

அந்த பாட்டில் உங்க அண்ணன் கடைசியா எடுத்தது. மூடி தெறக்கல. உனக்கு வைத்தியம் ஆரம்பிச்ச அன்னிக்கு கொண்டாந்து, டாக்டரைக் கேட்டுட்டு, என் கையாலயே உன் நாக்குல வைக்கறேன்.

உங்க அண்ணன் ஆயுசுல மிச்சத்தையும் சேத்து நீ இருக்கணும். ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்தா எடு கண்ணு. ஊர்லதான் இருக்கறேன்னு சொல்லு.

உன் அண்ணி,
சின்னப்பொண்ணு