துளை போட்ட ஊர் வரலாறு

ஆகஸ்ட் 11, திங்கள்

எலிப்பொறி கேட்டு வந்தவரிடம் எல்ஸ்வொர்த்தின் புத்தகத்தை நீட்டினேன். "இதுல எலி விழுமா?" என்றார்.

எல்ஸ்வொர்த் முப்பது வருடம் இந்த ஊருக்குத் தபால் கொடுத்தவன். ஓய்வுபெற்ற பின் பதினோரு வருடம் உட்கார்ந்து எங்கள் பீர் ஆலையின் வரலாற்றை எழுதினான். முதல் பாகத்தைக் கைக்காசு போட்டு அச்சடித்தது நான். என் ஹார்டுவேர் கடையில் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே மூன்று அலமாரியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

ஆகஸ்ட் 14

எல்ஸ்வொர்த் வந்தான். "ஒருத்தன்கூட படிக்கலைன்னா நான் எதுக்குய்யா எழுதணும்? ரெண்டாம் பாகத்தை அடுப்புல போட்டுடறேன், நோர்பர்ட்."

செய்வான். பனிப்புயலிலும் கடிதம் கொண்டுவந்த ஆள்.

இரண்டாம் பாகத்தில்தான் ஆலையில் பாட்டில் கழுவிய பெண்கள் வருகிறார்கள். அம்மா இருபத்திரண்டு வருடம் கழுவினாள். வீடு எரிந்தபோது அவள் படங்கள் எல்லாம் போய்விட்டன. அவனிடம் ஒன்று இருக்கிறது. படத்தை மட்டுமாவது கொடு என்றேன். "புஸ்தகத்துல பாத்துக்கோ" என்கிறான். கழுதை!

பீர் திருவிழாவில் கடை போடப்போகிறேன்.

ஆகஸ்ட் 20

திருவிழாவை நடத்தும் டார்லீன் எனக்கு ஒதுக்கியிருப்பது பிளாஸ்டிக் கக்கூஸ்களுக்குப் பக்கத்து இடம். "ஜனங்க படிக்கற ஒரே இடம் அதானேப்பா!" என்று குலுங்கிச் சிரித்தாள்.

சிரிக்கட்டும். பீர் குடிக்கிற அத்தனை பேரும் வந்தே தீரவேண்டிய இடம் வேறு எது?

செப்டம்பர் 12, வெள்ளி

முதல் நாள் மண்ணைக் கவ்வினேன்.

கூட்டம் வந்தது. என் எதிரே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. ஆனால் ஒரு கையில் கோப்பை, மறு கையில் சாசேஜ். புத்தகம் வாங்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? ஒருத்தன் வாங்கினான், அதன்மேல் கடுகுச் சாந்தை ஊற்றி சாசேஜை வைத்துத் தின்றான்.

கை காலியில்லை, சரி. கழுத்து? பிரெட்சல் என்கிற முறுக்கு ரொட்டிகளை நூலில் கோத்து மாலையாக மாட்டிக்கொண்டுதானே அலைகிறார்கள், பீருக்கு ஒன்றாகக் கடித்துக்கொண்டு?

புத்தகம் மெலிசுதான். ராத்திரியே ஹார்டுவேர் கடையைத் திறந்து டிரில்லை எடுத்தேன். மேல் மூலையில் ஒரு துளை, கழுத்தில் மாட்ட இரண்டு முழம் சணல்.

எல்ஸ்வொர்த்திடம் சொல்லவில்லை. சொன்னால் விடுவானா?

செப்டம்பர் 13, சனி

காலையிலேயே வந்துவிட்டான். ஒன்றை எடுத்துப் புரட்டினான். நாற்பதாம் பக்கத்தில் ஆலையைத் தொடங்கிய புண்ணியவான் நிற்கிற படம். என் துளை சரியாக அவர் தலையில்.

"மனுஷனாய்யா நீ? எட்டு மாசம் தேடின படம்! ரெண்டாம் பாகத்தை மறந்துடு. இன்னிக்கே அடுப்பு."

அம்மா, அடுப்பு – இரண்டும் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன.

கக்கூஸ் வரிசையில் நின்ற ஒரு தடியன், பிரெட்சல் மாலையும் புத்தகமுமாக, துளை வழியே எங்களைப் பார்த்தான். "அண்ணே, யாரு இந்தத் தலையில்லாத ஆளு?"

எல்ஸ்வொர்த்துக்குத் தவறான தகவலைப் பொறுக்க முடியாது. "தலை இருந்தது! இந்த முட்டாள்தான் எடுத்துட்டான்!" என்று ஆரம்பித்தான். ஆலை முதல்முறை எரிந்த கதை. மேயர் பீப்பாய்க்குள் ஒளிந்த கதை. வரிசை முழுக்கத் திரும்பி நின்றது.

"கதவு தொறந்திருக்கு, நீ போடா!"

"நீ போ! மேயர் வெளிய வந்தானா இல்லியா, அதைக் கேட்டுட்டு வரேன்."

அடக்கிக்கொண்டு வரலாறு கேட்டவர்களை இன்றுதான் பார்த்தேன்.

செப்டம்பர் 14

எல்ஸ்வொர்த்துக்குக் குரல் போய்விட்டது. எனக்குப் புத்தகம் தீர்ந்துவிட்டது. போகும்போது என்னிடம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்டையா, கோபமா?

செப்டம்பர் 25

இன்னும் வரவில்லை. அவன் வீட்டுப் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். வெட்கக்கேடு.

அக்டோபர் 6, திங்கள்

வந்தான். காகிதக் கட்டு ஒன்றைக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொப்பென்று போட்டான். "ஆணி இருக்கா, ரெண்டு அங்குலத்துல?" வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

இரண்டாம் பாகம். ஒவ்வொரு பக்கத்திலும் மேல் மூலையில் காசளவு இடம் வெறுமையாக விட்டிருக்கிறான்.

அறுபத்து மூன்றாம் பக்கத்தில் பாட்டில் கழுவும் பெண்கள். மேல் வரிசையில், ஓரத்தில், அம்மா. கையில் தூரிகை, யாரையோ திட்டுகிற முகம். அந்தப் படத்தை மட்டும் இரண்டு விரல் கீழே இறக்கி ஒட்டியிருக்கிறான்.

கடையில் இருப்பதிலேயே மெல்லிய டிரில் முனையைத் தேடி எடுத்துத் தனியாக வைத்தேன்.