பொட்டலம் ஆகாத பங்குப் பக்கம்

மாப்ளே,

இன்று காலையில் ஒரு பெரியம்மா வறுத்த கடலை கேட்டார். பழைய பேப்பரைக் கிழித்துச் சுருட்டப் போன என் கை அப்படியே நின்றுவிட்டது. பார்த்தால், பங்கு விலைப் பக்கம். பொடிப்பொடியாக இங்கிலீஷ் பேர்கள், பக்கத்தில் எண்கள். "என்னப்பா, கடலையைக் கையிலயா குடுக்கப்போற?" என்று அவர் அதட்டிய பிறகுதான் வேறு தாள் எடுத்தேன். நீ கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறது. ஆனாலும் அந்தப் பக்கத்தை உன்னைக் கேட்காமல் பொட்டலமாக்க என் கைக்குத் துணிச்சல் இல்லை.

நீ முதன்முதலில் கடைக்கு வந்தது நினைவிருக்கிறதா? லாரி புக்கிங் ஆபீஸ் கிளார்க், காதில் சிவப்பு நீலப் பென்சில். "கடலை வேணாம். எடைக்கு வாங்கிப் போட்டிருக்கியே, அந்தப் பேப்பரைச் செத்த நேரம் பாத்துக்கிறேன்" என்றாய்.

"ஊரே கடலைக்கு வருது. நீ ஒருத்தன்தான்யா பொட்டலத்துக்கு வாரே" என்றேன். நீ சிரிக்கவில்லை. பங்கு விலைப் பக்கங்களை மட்டும் உருவி, தேதி வாரியாக அடுக்கினாய். அன்றிலிருந்து தினமும் அதே வேலை. மாப்ளே, மச்சான் என்று கூப்பிடும் அளவுக்கு ஆன பிறகும் நான் விடவில்லை. "போன மாசத்துக் கத்தரிக்கா விலையைக் கேட்டு இன்னிக்கு வெஞ்சனம் வைக்க முடியுமாடா?" என்பேன்.

"ஒருநாள் விலை ஊமை மச்சான். வருசக்கணக்கா வரிசையா வச்சாத்தான் பேசும்" என்றாய்.

அது பேசியதை நான் கண்ணால் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எழுதி வீணான புக்கிங் பாரத் தாள்களைப் பின்பக்கம் மேலே வரப் பசை போட்டு ஒட்டி, பாய் போலச் சுருட்டி வைத்திருந்தாய். கடைக்குப் பின்னால் அதை விரித்துக்கொண்டே போனாய், போனாய், சுவர் தடுக்கும் வரை போனாய். பஞ்சாலைப் பங்குகளுக்கு நீலக் கோடு, தேயிலைத் தோட்டங்களுக்குச் சிவப்பு, சர்க்கரைக்குக் கறுப்பு. நீலம் ஏறி, நின்று, சரிந்து, மறுபடி ஏறியது. நம் சிறுமலையைத் தூரத்தில் நின்று பார்க்கிற மாதிரியே இருந்தது. நீலம் சரிந்த இடத்தில் சிவப்பு தன் பாட்டுக்கு நடந்து போனது. கறுப்பு எதையும் கண்டுகொள்ளாமல் படுத்துக் கிடந்தது. அடியில் குட்டிக் குட்டியாய்க் கோடுகள். உன் ஆபீஸ் வழியாக எத்தனை பேல் பஞ்சுப் பொதி உள்ளே வந்தது, எத்தனை மூட்டை நூல் வெளியே போனது என்ற கணக்காம்.

"விலைக்குக் கடைசியாத்தான் சேதி தெரியும். லாரிக்கு முன்னாடியே தெரிஞ்சிரும்" என்றாய். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். மிதிக்காமல் சுற்றி வந்து பார்த்தேன். அத்தனை வருடமும் என் கொல்லையில் மல்லாந்து கிடந்தது. கோயிலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி அங்கேயும் கழற்றிவிட்டேன் என்பதை உன்னிடம் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் அதன்பிறகு எப்படிக் கேலி செய்வது?

பிறகு அந்தப் பஞ்சு மில் பங்கு மோகம் வந்தது. டீக்கடை, முடிவெட்டும் கடை, எங்கும் அதே பேச்சு. கடை இடத்தை விற்கப்போவதாகச் சொன்ன அதன் சொந்தக்காரர், நானே வாங்கிக்கொள்வதானால் தை மாதம் வரை பொறுப்பதாக எனக்குத் தவணை கொடுத்திருந்தார். என்னிடம் பாதிப் பணம்தான் இருந்தது. அதை மில் பங்கில் போட்டால் தைக்குள் இரட்டித்துவிடும் என்று மதுரைத் தரகர் ஒருவர் அடித்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை பணத்தோடு அவரைப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டு, உன்னிடமும் சொல்லிவைத்தேன். பணம் போனால் இடமும் போகும், பதினைந்து வருடக் கடையும் போகும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஆசை.

வியாழனன்று சாயங்காலம் எனக்குக் குறும்பு வந்தது. மூட்டையின் அடியில் கிடந்த நாலு வருடப் பழைய பக்கம் ஒன்றை எடுத்து, தேதியைக் கிழித்துவிட்டு, உன் அடுக்கில் செருகினேன். வறுக்கிற புகையில் என் கடைப் பேப்பர் எல்லாமே பழுப்புதான். உனக்குச் சந்தேகம் வரவில்லை. கூட்டி வகுத்து மூன்று புள்ளி வைத்தாய். மூன்றும் கோட்டோடு ஒழுங்காகப் போய் ஒட்டிக்கொண்டன. நான் வாயைப் பொத்திச் சிரித்தேன்.

திடீரென்று உன் பென்சில் நின்றது. "ஏலே, இந்தச் சர்க்கரை ஆலை மூடி மூணு வருசமாச்சே. இது எப்படி இதுல இருக்கு?"

"கண்டுபிடிச்சிட்டியா! நாலு வருசத்துப் பேப்பருடா அது!" என்று நான் குதித்தேன்.

நீ திட்டுவாய் என்று நினைத்தேன். நீ மூன்று புள்ளியையும் விரலால் தொட்டுப் பார்த்தாய். "நாலு வருசத்துப் பேப்பரு இன்னிக்குக் கோட்டுல இம்புட்டுக் கச்சிதமா ஒக்காருதே மச்சான்" என்று மெதுவாகச் சொன்னாய். சுருளைப் பின்னோக்கி விரித்தாய். அதே ஏற்றம். அடியில் அதே மாதிரி நூல் மூட்டை வெளியே போவது குறைந்திருந்தது. அதற்கு அடுத்து, நீலம் கிணற்றில் விழுந்த வாளி மாதிரி இறங்கியிருந்தது. நான் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"நாளைக்குப் போகாத" என்றாய்.

நான் போகவில்லை. அடுத்த மூன்று மாதமும் விலை ஏறியது! உன்னை நான் படுத்திய பாடு கொஞ்சமா? "வாங்க ஜோசியரே, என் காசு எங்கங்க?" என்று தெருவே கேட்கக் கத்துவேன். நீ கடலையை உரித்துக்கொண்டே ஒரே பதில்தான் சொல்வாய்: "என்னிக்கு விழும்னு எனக்குத் தெரியாது மச்சான். எங்க நிக்கிறோம்னுதான் தெரியும்." அதோடு நிற்காமல் இடத்துக்காரரிடம் நீயே வந்து பேசி, என்னிடமிருந்த பாதிப் பணத்தைக் கொடுக்கவைத்து, மீதிக்கு ஒரு வருடத் தவணையும் வாங்கிக் கொடுத்தாய்.

சித்திரையில் விழுந்தது. முடிவெட்டும் கடைக்காரர் கடையைக் காலி செய்துகொண்டு போனார். அன்று உன் வாயிலிருந்து ஒரு பெருமைச் சொல் வரும் என்று காத்திருந்தேன். நீ புள்ளியை வைத்துவிட்டு அவரை வண்டி ஏற்றிவிடப் போய்விட்டாய்.

நீ போன பிறகு உன் சம்சாரம், என் தங்கச்சி, சுருளைக் கொண்டுவந்து கொடுத்தது. "கடலைக்கடை அண்ணன்கிட்டக் குடுத்துருன்னாரு. பொட்டலம் போட்டுராதீங்கண்ணே" என்றது. குடும்பமே என்னைக் கேலி செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறது.

இப்போது நான்தான் புள்ளி வைக்கிறேன். கூட்டி வகுக்க எனக்கு ஒரு பொழுது ஆகிறது. உன் ஆபீசுக்குப் போய்ப் பேல் கணக்கும் கேட்கிறேன். "கடலைக்காரருக்கு எதுக்குங்க பஞ்சுக் கணக்கு?" என்று புது கிளார்க் சிரிக்கிறார். பங்கு வாங்கலாமா என்று யாராவது கேட்டால் பதில் சொல்வதில்லை. கொல்லைக்குக் கூட்டிப்போய் விரித்துக் காட்டுகிறேன். செருப்பைக் கழற்றச் சொல்கிறேன்.

இன்றைய பக்கத்துக்குப் புள்ளி வைக்கப் போனபோது சுருளில் இடம் முடிந்திருந்தது. அந்தக் கிளார்க்கிடம் வீணான பாரம் ஒன்று கேட்டு வாங்கி வந்து, பசை தடவி ஒட்டினேன். காய்கிற வரைக்கும் அந்த வெறுந்தாளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், மாப்ளே. பிறகு நீலப் பென்சிலைச் சீவினேன்.