இடது மட்டை மெதுவாக அடிக்கும்

ரொறன்ரோ
22.04.2007

அன்புள்ள கேதீஸ்வரிக்கு,

மாமாங்கேஸ்வரர் துணையால் நான் சுகம். நீயும் அம்மாவும் நம் மகளும் எப்படி?

சென்ற கிழமை கடையில் பழைய பின்போல் மெசின் ஒன்றை விற்றேன். கண்ணாடிக்குள் இரும்புக் குண்டை இரண்டு மட்டைகளால் தட்டி விளையாடும் பெட்டி அது. “இடது மட்டை மெதுவாக அடிக்கும், ஒரு விளக்கு எரியாது” என்று எழுதி அதில் ஒட்டியிருந்தேன்.

“சின்னக் குறைதானே, அந்தத் துண்டைக் கிழிச்சுப் போடு” என்றார் முதலாளி. நான் கிழிக்கவில்லை. வாங்க வந்தவர் அதை வாசித்துவிட்டு இரண்டு ஆட்டம் ஆடினார். குறை இவ்வளவுதானா என்று கேட்டார். ஓம் என்றேன். நம்பி ஏற்றிக்கொண்டு போனார்.

உன் கடிதம் கிடைத்தது. “எல்லாரும் சுகம், ஒண்டுக்கும் யோசிக்காதீங்க” என்று எழுதியிருக்கிறாய். ஆனால் உறையின் பின்பக்கம் வவுணதீவு வீட்டு விலாசம் இல்லை. தேற்றாத்தீவில் ஒரு பாடசாலை, இடம்பெயர்ந்தோர் முகாம் என்று இருக்கிறது. எப்போது வீட்டை விட்டு ஓடினீர்கள்? வீட்டுக்கூரை மிச்சமா? அம்மாவுக்குப் பிரஷர் குளிசை கிடைக்கிறதா? குறைகளை எழுது. எழுதினால்தான் மற்றதெல்லாம் சுகம் என்று நம்புவேன்.

பஸ் தரிப்பில் இருந்துதான் இதை எழுதுகிறேன், பஸ் வருகிறது. என் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். குளிருக்கு வலது முழங்கால் மடங்குவதில்லை, நித்திரை குறைவு. மற்றபடி வேலை செய்யும்.

உதயரூபன்