சொற்கல்லைத் திருப்பி அனுப்பிய திருவோலை

மங்கலம் பெருகுக. வானம் வழங்குக. நெடுமணல் நகரின் வீதிகளையும் குளங்களையும் பேரேரியையும் இருநூறு ஆண்டுகளாகக் காத்துவரும் புன்னையம்பலத்து மகாசபைப் பெருமக்களுக்கு, வெண்கோட்டு நாடுடைய இளநந்திக் கோவரையர் விடுக்கும் ஓலை. கோவரையர் தலை தாழ்த்திச் சொல்ல, ஓலைநாயகம் கூத்தன் தாழி எழுதியது.

நடந்ததைச் சபையோர் அறிவீர். ஆயினும் பிழை செய்தவர் தம் வாயால் சொல்வதே முறை என்று கோவரையர் கருதுகிறார்.

ஈராண்டுக்கு முன் அம்பலத்துக்கு எழுந்தருளிய கோவரையர், அதன் நடுவே கிடந்த கருங்கல்லைக் கண்டு, இத்தனை வழவழப்பான கல் அரண்மனையிலும் இல்லையே என்று வியந்தார். அவ்வளவுதான். அடுத்த திங்களே அக்கல் அரண்மனை வாயிலில் யானையேறும் படியாகக் கிடந்தது. யார் கல், எதற்கான கல் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைப் பெயர்க்கும் ஆணையை எழுதியதும் இதே எழுத்தாணிதான். எழுதிய கையும் கூசுகிறது.

சபையில் பேசுவோர் வெறுங்காலுடன் நிற்கும் சொற்கல் அது. நின்றவர் தாமாக இறங்கும்வரை, அரசரே ஆயினும் குறுக்கே பேசலாகாது, அவரைத் தொடவும் கூடாது. எத்தனையோ தலைமுறைப் பாதங்கள் தேய்த்த வழவழப்பு அது. நாடே அறிந்த இவ்வழக்கம் நாடாள்பவருக்குத் தெரியாமல் போயிற்று.

சென்ற ஐப்பசியில் ஏரியைக் காக்கும் உமது ஏரிவாரியத்து நக்கன் பூவணன் அரண்மனை வாயிலுக்கு வந்தார். கல்லைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்று, மேலைக்கரையில் மூன்றாம் மதகுக்குக் கீழே என்று தொடங்கினார். கோவரையர் வேட்டைக்குப் புறப்படும் வேளை. யானை காத்து நின்றது. படியை மறித்து நிற்கும் இவன் யார் என்று சினந்து, இழுத்துச் சிறையில் இடச் சொன்னார். காவலர் பாதிச் சொல்லில் அவரை இழுத்துப் போட்டனர்.

மூன்றாம் நாள் அதே மதகின்கீழ் கரை உடைந்தது. கீழைத்தெரு நீரில் போயிற்று. ஏழு உயிர்கள் மாண்டன.

செய்தி வந்த அன்றே கோவரையர் தாமே சிறைக்குச் சென்று, விட்ட இடத்திலிருந்து சொல்லியருளுமாறு வேண்டினார். தம் சொல் சபைக்கு உரியதென்றும், கல் அம்பலத்தில் இருந்தால் அங்கே நின்று முடிப்பதாகவும் நக்கன் விடையிறுத்தார். கோவரையரால் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க இயலவில்லை. அன்றுமுதல் கோவரையர் யானை ஏறவுமில்லை.

ஆகவே நக்கன் பூவணன் சிறை நீங்கி இவ்வோலையைத் தாமே கொண்டு வருகிறார். வரும் வளர்பிறைப் பஞ்சமியன்று கல்லும் வந்து சேரும். அதைக் கட்டிய தண்டின் ஒரு முனைக்குக் கோவரையர் தோள் கொடுத்து, நகர வீதி வழியே, கீழைத்தெரு வழியே, நடந்து வருவார். உயிரிழந்தோர் வாசலில் நின்று, வீட்டார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வார். கல் பழைய இடத்தில் பதிந்தபின் முதலில் நக்கன் ஏறிப் பேசுவார், கோவரையர் கீழே நின்று கேட்பார். அடுத்துத் தாம் ஏறித் தம் பிழையைச் சொல்வார். சபை விதிக்கும் தண்டம் எதுவாயினும் ஏற்பார்.

யானை இலச்சினை இவ்வோலையில் இன்னும் இடப்படவில்லை. நக்கன் பூவணன் பேசி முடித்துத் தாமாகவே கல்லைவிட்டு இறங்கிய பின்னரே இடப்படும். அதுவரை இதனை ஆணையாகக் கொள்ளாது, ஒரு விண்ணப்பமாகக் கொள்க.